ஊசி போன தடம்: தோலுக்குள் நடப்பதை ஒலியால் பார்ப்பது

முன்கையின் உட்பக்கத்தில் மேல்தோலின் தடிமன் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் கீழே உள்ள உள்தோல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ரத்த நுண்குழாய்கள், நரம்பு நுனிகள், வியர்வைச் சுரப்பிகள், கொலாஜன் இழைகள் எல்லாம் இந்த ஒரு மில்லிமீட்டருக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இதற்குள் 21 கேஜ் ஊசி ஒன்றைப் படுக்கைவாட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் செலுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊசியின் வெளிவிட்டம் 0.8 மில்லிமீட்டர். உள்தோலின் முக்கால் பங்கு தடிமனுக்கு மேல் ஊசியே அடைத்துக்கொள்கிறது.

யார் இப்படிச் செய்கிறார்கள், எதற்காக? தோலில் தடவும் களிம்பு உண்மையில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள் செய்கிறார்கள். ஒவ்வாமையின்போது தோலுக்குள் என்னென்ன வேதிப்பொருள்கள் சுரக்கின்றன என்று தேடுபவர்களும் செய்கிறார்கள். ரத்தத்தைச் சோதித்தால் இதற்கெல்லாம் சரியான விடை கிடைக்காது. தோலில் தடவிய மருந்து ரத்தத்தில் கலக்கும்போது கண்டறிய முடியாத அளவுக்கு நீர்த்துப்போய்விடும். தோலை வெட்டி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியோ ஒரு நேரத்தின் நிலையை மட்டுமே காட்டும். அடுத்த அரை மணியில் என்ன மாறியது என்று பார்க்க இன்னொரு துண்டு வெட்ட வேண்டும். ஆகவே தோலுக்குள்ளேயே ஒரு மெல்லிய குழாயை வைத்து, மணிக்கணக்காக அங்குள்ள திசுநீரிலிருந்து மாதிரி எடுக்கும் முறை பிறந்தது. அதன் பெயர் மைக்ரோடயாலிசிஸ்.

குழாயின் சுவர் நுண்துளைகள் கொண்ட சவ்வு. உள்ளே உப்புநீர் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர்ப் பானையில் துணியில் முடிந்து போட்ட வெட்டிவேரின் மணம் துணியைத் தாண்டி நீரில் கலக்கிறது, வேர் மட்டும் முடிச்சுக்குள்ளேயே தங்கிவிடுகிறது அல்லவா, அதே விதிதான் இங்கும். சிறு மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து குழாய்க்குள் வரும், பெரியவை வெளியே நின்றுவிடும். மூலக்கூற்று எடை 111 கொண்ட ஹிஸ்டமினும் 180 கொண்ட குளுக்கோஸும் எளிதில் வரும். 66,000 கொண்ட ஆல்புமின், 20,000 எல்லை கொண்ட சவ்வைத் தாண்டாது. அரை மணி நேரம் காத்திருந்தால் ஒரு சொட்டு திரவம் சேரும். அந்த ஒரு சொட்டில்தான் எல்லாச் செய்தியும்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஊர்பன் உங்கர்ஸ்டெட் 1970களில் எலியின் மூளையில் இந்த முறையை வளர்த்தெடுத்தார். மனிதத் தோலுக்கு இது வந்தது 1990களின் தொடக்கத்தை ஒட்டி, பெரும்பாலும் ஸ்வீடன், டென்மார்க் ஆய்வுக்கூடங்கள் வழியாக. வந்தவுடனேயே ஒரு சங்கடமும் கூடவே வந்தது. சவ்வுக்குழாய் மெல்லியது, 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர்தான், ஆனால் வளைந்துவிடும், தானாகத் தோலுக்குள் நுழையாது. முதலில் ஒரு வழிகாட்டி ஊசியைச் செலுத்தி, அதற்குள் குழாயை நுழைத்து, பிறகு ஊசியை உருவ வேண்டும். இந்த ஊசிதான் காயத்தை உண்டாக்குகிறது. சாதாரணத் தோலில் என்ன இருக்கிறது என்று அளக்கப் போகிறோம். அளக்கத் தொடங்குவதற்குள் அது சாதாரணத் தோலாக இல்லாமல் போய்விடுகிறது.

காயம்பட்ட தோல் என்ன செய்யும் என்பதை பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1927இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதிவைத்தார். தோலை அழுத்திக் கீறினால் முதலில் கீறிய இடத்தில் சிவப்புக் கோடு. பிறகு அதைச் சுற்றிப் பரவும் சிவப்பு. கடைசியாகக் கோட்டின் மேலேயே தடிப்பு. இந்த மூன்றும் ஊசியைச் செலுத்தும்போதும் நடக்கின்றன. உள்தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் கலைந்து ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. நரம்பு நுனிகள் தூண்டப்பட்டு அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்களை விரியச் செய்கின்றன. அதனால்தான் சிவப்பு ஊசித் தடத்தைத் தாண்டிப் பரவுகிறது. ரத்தக்குழாய்ச் சுவர்களின் இடுக்குகள் திறந்து நீர் வெளியே கசிகிறது. அதுவே தடிப்பு.

ஆய்வாளருக்கு இது மூன்று வழிகளில் தொல்லை. ரத்த ஓட்டம் கூடினால், களிம்பிலிருந்து இறங்கும் மருந்தை ரத்தம் வேகமாக அடித்துக்கொண்டு போய்விடும். குழாயில் குறைவாகச் சேரும், மருந்தே உள்ளே போகவில்லை என்று தவறாக முடிவு கட்ட நேரும். கசிந்த நீர் மாதிரியை நீர்க்கச் செய்யும். மேற்பரப்புக்கும் குழாய்க்கும் இடையிலான தொலைவையும் கூட்டும். ஹிஸ்டமினையே அளக்க வந்தவருக்கோ, ஊசி கொட்டவைத்த ஹிஸ்டமின் எது, நோய் கொட்டவைத்த ஹிஸ்டமின் எது என்று பிரிக்க வழியில்லை. எனவே எதை அளப்பதற்கும் முன்னால், ஊசி உண்டாக்கிய கலவரம் எவ்வளவு, எப்போது அடங்குகிறது என்று அளந்தாக வேண்டும். அதுவும் இன்னொரு ஊசி குத்தாமல்.

கண்ணால் பார்க்கலாம். சிவந்திருக்கிறதா, வெளிறிவிட்டதா என்று பார்த்து முடிவு செய்வது எளிது. ஆனால் ஸ்கேண்டிநேவிய வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, நம் ஊர்க் கறுப்புத் தோலிலும் மாநிறத் தோலிலும் பல நேரம் தெரியவே தெரியாது. சிவப்பை அளக்கும் கருவிகளையும் தோலுக்கு நிறம் தரும் மெலனின் குழப்பும். சிவப்பு தெரியவில்லை என்பதால் காயம் இல்லை என்று எழுதிவிட்டால் அது வெறும் அளவீட்டுப் பிழையோடு நிற்காது. ஒரு சாரார் உடலைப் பற்றிய தவறான அறிவாகவே பதிந்துபோகும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தோல் மருத்துவத்தின் பாடநூல் படங்கள் நெடுங்காலம் வெள்ளைத் தோலையே காட்டிவந்தன, அந்தப் பழக்கம் கருவிகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது.

இரண்டாவது வழி லேசர் டாப்ளர். லேசர் ஒளியைத் தோலில் பாய்ச்சினால், ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மிகச் சிறிதளவு மாறும். அதிலிருந்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிடலாம். ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கைச் சேர்ந்த குழு ஒன்று 1994இல் இந்த முறையால், குழாய் செருகிய முன்கைத் தோலின் ரத்த ஓட்டத்தைப் படமாகவே வரைந்து காட்டியது. ஊசி நுழைந்ததும் சுற்று வட்டாரம் முழுவதும் ரத்தம் பெருகியது. நேரம் போகப்போக அது சுருங்கிக் குழாயை ஒட்டிய பகுதியோடு நின்றது. அருமையான வேலை. ஆனால் லேசர் டாப்ளர் ரத்தத்தின் அசைவை மட்டுமே பார்க்கும். இழைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் நீர் அதற்குத் தெரியாது.

அந்த நீரைப் பார்க்கத்தான் அல்ட்ராசவுண்ட். நாம் ‘ஸ்கேன்’ என்று சொல்லும் அதே மீயொலிதான், ஆனால் வேறு அலைவரிசையில். வயிற்றுக்குப் பயன்படும் கருவி 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புகிறது. அதன் அலைநீளம் 0.3 மில்லிமீட்டருக்கு மேல். கருப்பையையும் கல்லீரலையும் பார்க்கப் போதும், ஒரு மில்லிமீட்டர் உள்தோலுக்குப் போதவே போதாது. தோலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் தேவை. தோலில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,580 மீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் அலைநீளம் 0.08 மில்லிமீட்டர். இந்த நுணுக்கத்துக்குக் கொடுக்கும் விலை ஆழம். ஒலியின் அதிர்வெண் கூடக்கூடத் திசு அதை விரைவாக விழுங்கிவிடும். 20 மெகாஹெர்ட்ஸ் ஒலி ஏழெட்டு மில்லிமீட்டரோடு களைத்துவிடுகிறது. தோலுக்கு அது தாராளம்.

அளவிடும் முறை எளியது. ஒலித்துடிப்பு ஒன்றை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்க வேண்டும். தோலின் மேற்பரப்பிலிருந்து ஓர் எதிரொலி வரும். உள்தோல் முடிந்து கொழுப்பு தொடங்கும் எல்லையிலிருந்து இன்னொன்று வரும். இரண்டுக்கும் இடையிலான நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தடிமன் கிடைக்கும். 1.2 மில்லிமீட்டர் தோலுக்கு இந்த இடைவெளி ஒன்றரை மைக்ரோவிநாடி. ஊசியால் தோல் 0.1 மில்லிமீட்டர் வீங்கினால் அதோடு மைக்ரோவிநாடியில் எட்டில் ஒரு பங்கு கூடும். கைவிரலால் தடவிப் பார்த்து ஒருபோதும் உணர முடியாத வீக்கத்தை இந்த நேர வித்தியாசம் எண்ணாகக் கொடுத்துவிடுகிறது. மீயொலித் துடிப்பால் தோல் தடிமனை அளக்கலாம் என்று அலெக்சாண்டர், மில்லர் என்ற இருவர் 1979இலேயே எழுதிவிட்டார்கள். 1998இல் டென்மார்க்கின் குரோத், செரூப் இருவரும் மைக்ரோடயாலிசிஸ் ஊசியின் காயத்துக்கு இதைக் கொண்டுவந்தார்கள். ரத்த ஓட்டம், சிவப்பு, தோல் தடிமன் மூன்றையும் சேர்த்து அளந்து, மரத்துப்போகச் செய்யும் மருந்து அவற்றை எப்படி மாற்றுகிறது என்றும் பார்த்தார்கள். காயத்துக்கு ஒரு முகம் மட்டும் இல்லை என்பதை இந்த மும்முனை அளவீடு ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் என்னைக் கவர்ந்தது. சிவப்பு அடங்குவதும் ரத்தம் தணிவதும் நீர் வடிவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ரத்தக்குழாய் முதலில் சுருங்கிவிடலாம். இழைகளுக்கு நடுவே கசிந்த நீர் நிணநீர்க் குழாய்கள் வழியாக மெல்லத்தான் வெளியேறும்.

படத்தில் என்ன தெரியும்? மேலே ஒரு பிரகாசமான கோடு: ஒலி தோலுக்குள் நுழையும் இடம். அதற்குக் கீழே புள்ளி புள்ளியாக மின்னும் பட்டை: உள்தோல். கொலாஜன் இழைக்கட்டுகள் ஒலியைப் பல திசைகளில் சிதறடிப்பதால் இந்த மினுக்கம். அதற்கும் கீழே கறுப்பு: கொழுப்பு, அங்கே எதிரொலி அரிது. நீரும் கறுப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் நீருக்குள் ஒலியைத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. ஊசி போன பிறகு எடுத்த படத்தில் உள்தோல் தடித்திருக்கும். மினுமினுத்த பட்டைக்குள் கருமை கலந்திருக்கும். நீர் புகுந்து இழைகளை விலக்கிவைத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். இதையும் எண்ணாக்கலாம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை பிரகாச மதிப்பு உண்டு. 30க்குக் கீழே உள்ள புள்ளிகள் எத்தனை என்று எண்ணினால் வீக்கத்தின் அளவு ஓரளவு புரியும். தடிமன் பழைய நிலைக்கு வந்தும் கரும்புள்ளிகள் அதிகமாகவே இருந்தால், தோல் இன்னும் தேறவில்லை என்று கொள்ளலாம்.

குழாயும் அதே படத்தில் தெரிகிறது, குறுக்குவாட்டில் ஒரு பிரகாசப் புள்ளியாக, நெடுக்குவாட்டில் கோடாக. இது கூடுதல் வரம். எவ்வளவு தேர்ந்த கையும் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் ஊசியைச் செலுத்திவிட முடியாது. ஒரு குழாய் 0.6 மில்லிமீட்டரில் இருக்கும், பக்கத்தில் இருப்பது 1 மில்லிமீட்டரில் இருக்கும். ஒன்று தவறிக் கொழுப்புக்குள்ளேயே இறங்கியிருக்கும். கொழுப்புக்குள் இருக்கும் குழாயின் சொட்டை உள்தோலின் சொட்டு என்று எழுதினால் முழு ஆய்வும் வீண். செருகிய உடனேயே ஸ்கேன் வைத்துப் பார்த்து அந்தக் குழாயை ஒதுக்கிவிடலாம்.

இவ்வளவு நுணுக்கமான அளவீடு, எவ்வளவு எளிதில் கெட்டுப்போகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கருவியின் முனையைத் தோலில் சற்று அழுத்தினாலே போதும், வீங்கிய நீர் பக்கவாட்டில் ஒதுங்கித் தடிமன் குறைந்துவிடும். அதனால் முனைக்கும் தோலுக்கும் நடுவே நீரோ ஜெல்லோ தாராளமாக வைத்து, தோலை அழுத்தாமல் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே கோணம். பேனாவால் அடையாளம் வரைந்துகொள்வது நல்லது. ஊசி குத்துவதற்கு முன் ஒரு படம் கட்டாயம். ஊசியே படாத இன்னோர் இடத்தையும் ஒப்பீட்டுக்குக் கூடவே அளந்துவர வேண்டும். ஏனென்றால் தோலின் தடிமன் நாள் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. நின்றுகொண்டே இருப்பவரின் கால் தோல் மாலையில் நீர் கோத்துத் தடிக்கிறது என்பதை இதே மீயொலிதான் காட்டியது. வயதானவர்களின் வெயில்பட்ட தோலில் மேல்தோலுக்குக் கீழே இயல்பாகவே ஒரு கரும்பட்டை தெரியும். முன்படம் இல்லாமல் பார்த்தால் அதையும் வீக்கம் என்று நினைக்கத் தோன்றும்.

மரத்துப்போகச் செய்யும் மருந்து விஷயம் தனிச் சிக்கல். லிடோகெயினை ஊசியால் போட்டால் வலியும் நரம்பு வழிப் பரவும் சிவப்பும் குறையும், ஆனால் அந்தத் திரவமே தோலைத் தடிக்க வைத்துப் படத்தில் கருங்குட்டையாகத் தெரியும். மரப்புக் களிம்பு தடவினால் திரவம் சேராது, ஆனால் அது ரத்தக்குழாய்களைத் தன் போக்கில் சுருக்கி விரிக்கும். பனிக்கட்டி வைத்தாலும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். எதையுமே தராமல் குத்தினால் முடிவு சுத்தமாக இருக்கும், தன்னார்வலருக்கு வலிக்கும். என்னைக் கேட்டால், ஆய்வுக்குத் தோலைக் கொடுப்பவரின் வலியைக் குறைத்துவிட்டு, அந்த மருந்தின் விளைவையும் ஸ்கேனில் அளந்து கணக்கில் சேர்ப்பதுதான் முறை. கருவி இருக்கிறது, அந்த வேலைக்கும் அதைப் பயன்படுத்தலாமே.

சரி, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? ஹிஸ்டமின் முதல் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் விரைவாக இறங்குகிறது. ரத்த ஓட்டம் ஒரு மணி நேரத்தையொட்டிப் பெரிதும் தணிகிறது. நீர் வடிய இன்னும் சற்று நேரம். அதனால்தான் பெரும்பாலான ஆய்வுகளில் குழாய் செருகிய பின் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் எதையும் அளக்காமல் உப்புநீரை மட்டும் ஓடவிடுகிறார்கள். தன்னார்வலர் கையை நீட்டியபடி படுத்திருக்கிறார், ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலை எதுவும் நடக்காதது போல் தோன்றும் இந்த இடைவெளிதான் பிறகு வரும் எண்களுக்கு நம்பகத்தைத் தருகிறது.

ஆனால் இந்த இரண்டு மணி நேரம் எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது. அழற்சியைத் தூண்டும் புரதங்களான இன்டர்லூகின்–6, இன்டர்லூகின்–8 போன்றவை ஊசி குத்திய உடனே உயர்வதில்லை. செல்கள் அவற்றைப் புதிதாகச் செய்து வெளியே விட வேண்டும். மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஹிஸ்டமினை அளப்பவருக்கு இரண்டாவது மணி நேரம் அமைதி. இன்டர்லூகினை அளப்பவருக்கு அப்போதுதான் கலவரம் தொடங்குகிறது. மீயொலிப் படத்தில் தோல் தேறியதுபோலத் தெரியும், உள்ளே செல்கள் இன்னும் காயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். அல்ட்ராசவுண்டின் எல்லை இதுதான். அது நீரையும் வடிவத்தையும் காட்டும், மூலக்கூறுகளைக் காட்டாது. ‘ஸ்கேனில் சரியாகிவிட்டது’ என்பதைத் தோல் முழுவதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று படிக்கக் கூடாது.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் சவ்வே இல்லாத திறந்த வலைக்குழாய்களால் இதே வேலையைச் செய்யும் முறை ஒன்றை வளர்த்திருக்கிறார்கள். பெரிய மூலக்கூறுகளும் அதில் தடையின்றி வரும். 2017இல் வெளியான அவர்களின் அசைக்ளோவிர் களிம்பு ஆய்வில் 20 பேரின் தோலிலிருந்து 36 மணி நேரம் மாதிரி எடுத்தார்கள். ஒரே மருந்தை இரண்டு நிறுவனங்கள் களிம்பாகச் செய்தால் இரண்டும் தோலுக்குள் ஒரே அளவில் இறங்குகின்றனவா என்று நேரடியாகப் பார்ப்பதுதான் நோக்கம். விலை குறைந்த ஜெனரிக் களிம்புகளுக்கு அனுமதி தர இப்படி ஒரு குறுகிய வழி கிடைத்தால், நூற்றுக்கணக்கான நோயாளிகளை வைத்து மாதக்கணக்கில் சோதிக்க வேண்டிய தேவை குறையும். ஜெனரிக் மருந்துகளை ஏராளமாகச் செய்யும், அவற்றையே நம்பி வாழும் நம் நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 36 மணி நேரம் குழாய் உள்ளேயே இருக்கும்போது காயத்தின் எல்லாக் கட்டங்களும் அந்த மாதிரிகளுக்குள் வந்துபோகும் என்பதால், குழாயின் ஆழத்தையும் தோலின் நிலையையும் கவனிப்பது இங்கே இன்னும் முக்கியமாகிறது.

ஊசிக் காயம் அடங்க எவ்வளவு நேரம் என்ற கேள்வி ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் நடமாடுகிறது. சர்க்கரை நோயாளிகள் பலர் இப்போது கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சாரின் மெல்லிய இழை தோலுக்குள் சுமார் 5 மில்லிமீட்டர் நுழைந்து ஏறத்தாழ இரண்டு வாரம் வரை தங்குகிறது. ஒட்டியவுடன் அது எண் காட்டாது. சில வகைகள் அரை மணி, சில ஒரு மணி, சில இரண்டு மணி கேட்கும். சென்சார் ஈரம் பெற்று நிலைகொள்ளவும், குத்திய இடத்துத் திசு அடங்கவும் அந்த நேரம் தேவை. முதல் நாள் எண்கள் அடுத்த நாள்களைவிடச் சற்றுத் தடுமாறுவதற்கும் இந்தக் காயம் ஒரு காரணம். முதல் நாள் சென்சார் காட்டும் எண்ணும் உடல் சொல்லும் அறிகுறியும் ஒத்துப்போகவில்லை என்றால், விரலில் குத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இன்சுலின் அளவை அந்தச் சென்சார் எண்ணை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம்.

ஊசி போன தடம் நீடித்துத் தங்குவதும் உண்டு. இன்சுலினை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்பவர்களின் தோலுக்கடியில் கொழுப்பு கட்டிப்படும். அங்கே போட்ட இன்சுலின் ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் மந்தமாகவும் உடலில் சேரும். சர்க்கரை ஏன் ஏறி இறங்குகிறது என்று வீட்டில் எல்லோரும் சாப்பாட்டையே சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள். பெரிய கட்டி கைக்குத் தட்டுப்படும். தட்டுப்படாத அளவுக்குத் தட்டையானவற்றையும் அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுக்கிறது. அதற்கு ஆய்வுக்கூடத்தின் 20 மெகாஹெர்ட்ஸ் கருவிகூட வேண்டாம், மருத்துவமனைகளில் கழுத்தையும் மூட்டையும் பார்க்க வைத்திருக்கும் சாதாரண முனையே போதும். வயிற்றில் பல ஆண்டுகளாக ஊசி போட்டுக்கொள்பவர், காரணம் தெரியாமல் சர்க்கரை அலைபாய்ந்தால், ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பார்க்கும்படியும் தேவைப்பட்டால் அங்கே ஒரு ஸ்கேன் வைத்துப் பார்க்கும்படியும் மருத்துவரிடம் கேட்கலாம்.